முதல் அடி கடலுக்கு

தேசம்மாள் ஜெயிக்க வேண்டும். சும்மா ஜெயித்தால் போதாது. எதிரில் உட்கார்ந்தவர் ஏன்தான் உட்கார்ந்தோமோ என்று நொந்துகொண்டு எழுந்து போகும்படி ஜெயிக்க வேண்டும். அப்படி ஜெயித்தால்தான் பவழக்குப்பத்துக்குள் பந்தயக் கடை வராது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால், சட்டத்தின் நியாயம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பந்தய வரையறைச் சட்டம் வந்து ஏழு வருஷமாகிறது. எந்த விளையாட்டின்மேல் ஜனங்கள் பணம் கட்டலாம், எதன்மேல் கட்டக்கூடாது என்று அது கோடு கிழித்தது. கோடு கிழிப்பதை மனிதர்களிடம் விட்டால் கை நீட்டுவார்கள் என்று ஒரு கணினியிடம் விட்டார்கள். அதற்குத் துலாக்கோல் என்று பெயர். எந்த மூலையில் எந்தப் போட்டி நடந்தாலும், ஆடுகிறவர்களின் பழைய ஆட்டங்களை அலசி, யாருக்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லிவிடும். பெரும்பாலும் சொன்னது சொன்னபடியே நடக்கும். ஒருவருக்கு எண்பதுக்கு மேல் வந்தால் அந்த ஆட்டம் ‘தெரிந்த முடிவு’. தெரிந்த முடிவின்மேல் பணம் வாங்குவது ஏழையை ஏமாற்றுவது, ஆகவே தடை. எண்பதோ அதற்குக் கீழோ என்றால் ‘திறந்த ஆட்டம்’. அது தானாகவே பட்டியலில் ஏறிவிடும். ஆடுகிறவரைக் கேட்க வேண்டாம், ஊரைக் கேட்க வேண்டாம், மறுநாளே கடை போடலாம்.

இந்தச் சட்டத்தின் ருசி பவழக்குப்பத்துக்கு ஏற்கெனவே தெரியும். காசிமேட்டுக்கு வடக்கே, கடலுக்கும் கண்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டுக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் குப்பம் அது. அங்கே கடற்கரைக் கபடி பேர்போனது. சட்டம் வந்த முதல் வருஷமே கபடி பட்டியலில் ஏறியது. மூன்றாம் மாதம் ஏகாம்பரத்தின் முழங்கால் உடைந்தது. ஆட்டத்தில் இல்லை. ஒரு ரைடில் கோட்டைத் தொடத் தவறிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தவனை வழிமறித்து இரும்புக் குழாயால் உடைத்தார்கள். உடைத்தவன் வெளியூர் ரவுடி அல்ல. அவன்மேல் பணம் கட்டித் தோற்ற குப்புராஜ், பதினைந்து வருஷம் அவனோடு ஒரே போட்டில் கடலுக்குப் போனவன். ஏகாம்பரம் தேசம்மாளின் தம்பி. அன்றைக்கு அவன் அழுதது வலிக்காக இல்லை என்று அவளுக்குத் தெரியும். மறு வருஷம் கபடி ஆட ஆளில்லாமல் நின்றுபோனது.

மிஞ்சியது கேரம். மீன்பிடித் தடைக்காலத்தைத் தொண்ணூறு நாளாக நீட்டிய பிறகு, கரையில் சும்மா கிடக்கும் ஜனத்துக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டாமா? விடிவெள்ளி மன்றத்தின் தகரக் கொட்டகையில் தடைக்காலம் முழுக்கப் போட்டி நடக்கும். ஆண் பெண் பேதமில்லை. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் தேசம்மாள், வயது நாற்பத்து நாலு, பதினோரு வருஷமாக அதில் சாம்பியன். ஐஸில் ஊறி மரத்துப்போன அந்த விரல்களுக்கு அப்படி ஒரு குறி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. துலாக்கோல் வருஷா வருஷம் அவளுக்குத் தொண்ணூறுக்கு மேலேயே போட்டது. தெரிந்த முடிவு, ஆகவே தடை. குப்பம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது.

கும்பிட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்று வருஷமாக இறுதி ஆட்டத்தில் அவள் எதிரில் உட்காருபவள் தன்ஷிகா. அதே குப்புராஜின் மகள், இருபத்தாறு வயது, நல்ல கை. ஊர்ப் பெரிய மனிதர்கள் அவள் காதோடு ஓதுவது தேசம்மாளுக்கும் எட்டியது. நன்றாக ஆடு பெண்ணே, ஆனால் ஜெயித்துத் தொலைக்காதே என்று ஓதினார்கள். தன்ஷிகா மூன்று முறையும் படுதோல்வி அடைந்தாள். நிஜமாகவே தோற்றாளா, தோற்றுக் கொடுத்தாளா? தேசம்மாள் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். கோப்பையைக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது. இது சாம்பியன் பிழைப்பா, வாட்ச்மேன் பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

இந்த வருஷமும் லீக் புள்ளியில் அவளும் தன்ஷிகாவும்தான் இறுதிக்குத் தேறியிருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில், பந்தய வரையறை அலுவலர் ஆத்மநாதன் கொட்டகைக்கு வந்தார். நல்ல மனிதர். கேரம் பலகைக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். நேரில் சொல்ல வேண்டும் என்று அவளைத் தேடி உட்கார்ந்தார்.

“எழுபத்து நாலு,” என்றார்.

“இன்னா எழுபத்து நாலு?”

“உங்க வாய்ப்பு, மேடம். இந்த வருஷம் உங்க ஃபைனல் திறந்த ஆட்டம். கம்பெனிக்காரங்க அனுமதி வாங்கிட்டாங்க.”

தேசம்மாள் முதலில் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டாள். அவர் பலகையைக் காட்டினார். வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது, சந்தனம் குங்குமத்தோடு.

கடல் காற்றில் பழைய பலகைகள் வில்லாக வளைந்துபோயிருந்தன. ஏதோ ஒரு விளையாட்டு மேம்பாட்டு அறக்கட்டளை, தடைக்காலத் தொடக்கத்தில் புதுப் பலகை ஒன்றை இலவசமாகக் கொண்டுவந்து இறக்கியது. கண்ணாடி மாதிரி வழவழப்பு, நாலு மூலையிலும் குட்டி விளக்கு. இலவசம் என்றால் நம் ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும்? கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து உள்ளே எடுத்து வைத்தார்கள். அறக்கட்டளைக்குப் பின்னால் இருப்பது பந்தயக் கம்பெனி என்று யாரும் விசாரிக்கவில்லை. இதுவரை துலாக்கோலுக்குத் தெரிந்தது யார் ஜெயித்தார் என்பது மட்டுமே. இந்தப் பலகை ஒவ்வொரு அடியையும் மயிரிழை பிசகாமல் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

“காய் அடுக்கி ஆரம்பிக்கிற ஒவ்வொரு போர்டிலயும் உங்க முதல் அடி ஒரு காயினைக்கூடத் தொடல,” என்றார் ஆத்மநாதன். “நாற்பத்தொரு போர்டு, நாற்பத்தொரு தவறிய அடி. உங்களுக்கு மட்டும்தான் இப்படி. கை தளர்ந்துபோச்சுன்னு மெஷின் முடிவு பண்ணிருச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் முதன்முதலில் இறுதி ஆட்டம் ஆடியபோது, ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்த்த அந்த நேரத்தில், சேதி வந்தது. அவள் புருஷன் வேலாயுதத்தின் ஃபைபர் போட் எண்ணூருக்கு எதிரே கவிழ்ந்து மிதக்கிறது, ஆளைக் காணோம். விரல் போன போக்கில் ஸ்ட்ரைக்கர் போனது, எதையும் தொடாமல் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்தது. அதன்பிறகு அவள் அந்தக் கடைசி போர்டை ஆடி ஜெயித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஏன் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. எழுந்தால் சேதி உண்மையாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. தாலியறுந்த சேதி கேட்டும் காய் அடித்தவள் என்று ஊர் ஒரு வருஷம் தூற்றியது. மறு வருஷம் சாம்பியனாக வந்து உட்கார்ந்தவள், எல்லோர் முன்னாலும் முதல் அடியை வேண்டுமென்றே அதே மாதிரி விட்டாள். ஊர் வாயை மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாம்பியன் ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொரு போர்டையும் சாம்பியனே தொடங்க வேண்டும். முதல் அடி கடலுக்கு. ஸ்ட்ரைக்கர் ஓரமாக ஓடித் திரும்பும்வரை கொட்டகையில் யாரும் பேசமாட்டார்கள். அவரவருக்குக் கடல் எடுத்துக்கொண்ட ஆள் ஒருவராவது இருக்கிறாரே.

இதையெல்லாம் அவள் நாலு வரியில் சொன்னாள். ஆத்மநாதன் குறுக்கிடாமல் கேட்டார்.

“அது தவறுன அடி இல்ல சார். வுட்ட அடி. உங்க மெஷின்ல மாத்தி எழுதுங்க.”

“எழுத இடமில்லையே, மேடம். தொட்ட அடி, தவறிய அடி, ரெண்டே கட்டம்தான். வேணும்னு விட்ட அடின்னு ஒண்ணு சட்டத்திலயே கிடையாது.”

“அப்போ நான் தெரிஞ்சே வுட்டாலும் அது தவறுனதுதான்?”

“மெஷின் கணக்குல, ஆமா.”

மனு கொடுத்துப் பாருங்கள் என்றார் அவர். கொடுத்தாள். நாலாம் நாள் அவரே பதிலைக் கொண்டுவந்தார். ‘காயைத் தொடாத அடி எதுவாயினும், எக்காரணம் பற்றியதாயினும், தவறிய அடியே. மனு நிராகரிக்கப்படுகிறது.’ கீழே முத்திரை, அவருடைய கையெழுத்து. அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். கிளம்பாமல் நின்று யோசனை சொன்னார். இறுதிக்கு முன் அவளுக்கு இன்னும் மூன்று லீக் ஆட்டம் இருக்கிறது. அந்த மூன்றில் மட்டும் கடலுக்கு விடாமல் நேராக அடித்தால் எண் எண்பதைத் தாண்டிவிடும், கடை மூட்டை கட்டிக்கொண்டு போகும். ஆனால் ஒன்று, திறந்த ஆட்டத்தில் வேண்டுமென்று தோற்பது குற்றம். ஆறு மாதம் உள்ளே வைப்பார்கள். இரண்டு பேர் பேசி வைத்துச் செய்தால் இரண்டு வருஷம்.

“போட்டியே நடக்கலன்னா?” என்றாள் அவள்.

“அறிவிச்சாச்சே. சட்டப்படி போட்டின்னா மூணு விஷயம். ஒரு தொடக்கம், ஒரு விதி, அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு ஜெயிச்சவர். மூணும் இருந்தா அது போட்டி. ஜெயிச்சவரே இல்லாத போட்டின்னு ஒண்ணு வந்தா அதைப் பட்டியல்ல இருந்து நிரந்தரமா எடுத்துரணும். நான் பார்த்ததில்ல.” சொல்லிவிட்டு அவர் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்ன விதியெல்லாம் அன்று ராத்திரிக்குள் குப்பம் முழுக்கப் பேச்சானது.

கடை வந்தது. நீல நிறக் கண்டெய்னர் ஒன்றைக் கொட்டகைக்கு எதிரே இறக்கி, நெற்றியில் பெரிய திரை மாட்டினார்கள். திரையில் இரண்டே எண்: அவளுக்கு எழுபத்து நாலு, தன்ஷிகாவுக்கு இருபத்தாறு. வெளியூரில் இருந்தெல்லாம் நாற்பதாயிரம் பேர் கட்டுகிறார்களாம். உள்ளூர்க்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு முதலில் தள்ளி நின்றார்கள். இரண்டே நாளில் வெட்கம் காற்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு தேசம்மாளுக்கு வந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. ஏழு வருஷமாக எட்டிப் பார்க்காத எதிர்வீட்டுக்காரி நண்டு ரசம் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு, விரல் நன்றாக மடங்குகிறதா என்று கையைப் பிடித்துப் பார்த்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள், எந்தக் கையால் தூக்குகிறாள் என்று பார்க்க. மன்றத்துச் செயலாளர் சம்பந்தம் வந்து, ஒரு வருஷத்துக்குக் கடலை மறந்துவிடு தாயி என்று கெஞ்சினார். அவர் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததே என்று அதைவிட ஆத்திரமும் வந்தது. அந்த வாரம் நடந்த மூன்று ஆட்டத்திலும் முதல் அடியைக் கடலுக்கே விட்டாள், முன்னைவிட நிறுத்தி, நிதானமாக. எண் அசையவில்லை.

ஏகாம்பரம் ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்தில், மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் வியாபாரம் அதுதான்.

“ஒரு வருசம் வுடாட்டிதான் இன்னாக்கா? மாமா கோச்சிக்க மாட்டாரு.”

“உங்க மாமா கோச்சிக்க மாட்டாரு. எனக்குத்தான் ஆவாது. இந்த வருசம் இத்த வுடுன்னுவான். அடுத்த வருசம் எத்த வுடச் சொல்லுவான்? எவனோ பலகைய குடுப்பான், எவனோ எண்ணுவான், நான் எப்படி அடிக்கணும்னு அவன் சொல்லணுமா?”

“அப்போ அந்த டப்பா இங்கியே இருக்கட்டும். இன்னொருத்தன் காலு ஒடையட்டும்.”

அவன் சொன்னதில் பொய்யில்லை. இடுப்பில் சொருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். அதை எத்தனையாவது தடவை படிக்கிறாளோ. ‘எக்காரணம் பற்றியதாயினும்.’ திடீரென்று அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. முதல் அடி தவறிய அடி என்றால், இரண்டாவதும் தவறலாம், பத்தாவதும் தவறலாம். கடலுக்கு ஒரு அடிதான் என்று யார் சொன்னது? அவள் அடி அத்தனையும் தவறினால் தன்ஷிகா ஜெயிப்பாள். பாதி ஆட்டத்துக்குள்ளேயே எண் அந்தப் பெண் பக்கம் எண்பதைத் தாண்டும், அப்படித் தாண்டினால் சட்டப்படி பந்தயம் முடங்கும், கட்டிய பணம் கட்டியவனுக்கே போகும். வேண்டுமென்று தோற்றாள் என்று எவன் சொல்வான்? தவறிய அடி என்று அவர்கள் முத்திரை இங்கே குத்தியிருக்கிறது.

பதினோரு வருஷப் பட்டம் போகும், தன் கையாலேயே போகும். அடுத்த வருஷக் கதையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தன்ஷிகாவிடம் மூச்சுவிடவில்லை. பேசி வைத்தால் அந்தப் பெண்ணுக்கும் இரண்டு வருஷம். தவிரவும், இதை எந்த முகத்தோடு சொல்வது?

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. கொட்டகைக்குள் காற்று புக வழியில்லை, அத்தனை கூட்டம். பலகைக்கு ஒரு பக்கம் ஆத்மநாதன் கையில் அலுவலகக் கருவியோடு, இன்னொரு பக்கம் வியர்வையில் நனைந்த கோட்டோடு கம்பெனி ஏஜென்ட். சம்பந்தம் காய்களை அடுக்கி நடுவில் சிவப்பை வைத்தார். இருபத்தைந்து பாயிண்ட் ஆட்டம்; அதைத் தொடாமல் யாரும் ஜெயித்தவரில்லை. தேசம்மாள் பவுடரைத் தூவி, ஸ்ட்ரைக்கரை எடுத்து, முதல் அடியைக் கடலுக்கு விட்டாள். கூட்டம் வழக்கம்போல அமைதியானது. தன்ஷிகா அடித்துக் காய்களைச் சிதறடித்தாள், இரண்டு வெள்ளை உள்ளே விழுந்தது. மூன்றாவது தவறியது. தேசம்மாளின் முறை. மூலைக்குப் பக்கத்திலேயே அவள் கறுப்பு ஒன்று நின்றது, குழந்தை அடித்தாலும் விழும். அவள் ஸ்ட்ரைக்கரை அதற்கு இந்தப் பக்கமாக, ஒன்றையும் தொடாமல் ஓட்டினாள். திரும்பி வந்தது.

யாரோ ‘அய்யோ’ என்றார்கள். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறை தன்ஷிகா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அதன்பிறகு அந்தப் பெண் அடித்த அடியில் கோபம் தெரிந்தது. காய்கள் வலைக்குள் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. முதல் போர்டு பத்து நிமிஷத்தில் முடிந்தது. தன்ஷிகாவுக்குப் பன்னிரண்டு, தேசம்மாளுக்குச் சைபர். வெளியே திரையில் எண் புரண்டது. தன்ஷிகா எழுபத்தெட்டு. ஜெயிக்கிற பக்கம் கட்டிவிட வேண்டும் என்று கண்டெய்னர் வாசலில் தள்ளுமுள்ளு.

சம்பந்தம் காய்களை மறுபடி அடுக்கும்போது தன்ஷிகா பலகைமேல் குனிந்தாள்.

“இன்னா அத்த பண்ற?”

“கை தவறுது.”

“பொய் பேசாத.” அவள் பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “மூணு வருசமா அத்தினி பேரும் என்னைத் தோக்கச் சொன்னாங்க. ஒரு தபா, ஒரே ஒரு தபாகூட நான் வுட்டுக் குடுக்கல. நெஜமாத்தான் தோத்தேன். உன்னாண்ட தோத்தேன்னு சொல்லிக்கிறதுல எனக்கு ஒரு பெருமை இருந்திச்சி. நீ இன்னிக்கி எனக்குப் பிச்ச போடுறியா?”

மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கியது. தேசம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு பேருக்கு நடுவில் அழுகிற ஜென்மம் இல்லை அவள், ஆனாலும் நிறைந்துவிட்டது. வாசல் வழியாகத் தெரிந்த நீல டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

தன்ஷிகாவும் பார்த்தாள். தள்ளுமுள்ளுக்கு நடுவே குப்புராஜ் நின்றிருந்தான். ஏகாம்பரத்தின் காலை உடைத்த பிறகு அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தவனில்லை. மகள் தாலிக்குச் சேர்த்து வைத்ததையும் சேர்த்து எடுத்து வந்தானோ என்னவோ, இன்றைக்கு மகள் பேரில் கட்ட வரிசையில் நிற்கிறான். தன்ஷிகா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பலகைக்குத் திரும்பினாள்.

இரண்டாவது போர்டு. தேசம்மாள் முதல் அடியைக் கடலுக்கு விட்டாள். தன்ஷிகா ஸ்ட்ரைக்கரை வாங்கினாள். நடுவில் காய்கள் பூப்போல அடுக்கியபடி இருந்தன. அவள் குறி பார்த்தாள், வழக்கத்தைவிட நெடுநேரம். சுண்டினாள். ஸ்ட்ரைக்கர் ஓரமாக ஓடி, தேசம்மாள் பக்கத்துச் சட்டத்தில் மெதுவாக மோதித் திரும்பிப் போனது.

கொட்டகையில் ஒரு சத்தமில்லை. தேசம்மாள் இதை எதிர்பார்க்கவே இல்லை. தோற்பதற்குத்தான் வந்தாள், தோற்கக்கூட விடமாட்டேன் என்கிறாளே இந்தப் பெண். அவள் ஸ்ட்ரைக்கரை எடுத்து, கடலுக்கு விட்டாள். தன்ஷிகா எடுத்து, கடலுக்கு விட்டாள். காய்கள் அசையவில்லை, நடுவில் சிவப்பு அப்படியே இருந்தது.

பத்து அடி. இருபது அடி. முதலில் புரிந்துகொண்டவர்கள் பெண்கள்தான். ஒவ்வொரு அடிக்கும் அவர்கள் பேச்சை அடக்கினார்கள், அது ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே அமைதியாகிவிட்டது. வெளியே திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. எழுபது, அறுபது, ஐம்பது. ஐம்பது என்றால் பந்தயக்காரனுக்குத் திருவிழா. வெளியூரில் எங்கெங்கோ ஆயிரம் ஆயிரமாகக் கட்டினார்கள். நாலரை மணிக்கு ஏஜென்ட்டுக்கு விஷயம் உறைத்தது. கோட்டை உதறிக்கொண்டு ஆத்மநாதனிடம் கத்தினார். இது மோசடி, இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள், உடனே போலீஸைக் கூப்பிடுங்கள்.

தேசம்மாள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இடது கையால் இடுப்புக் காகிதத்தை எடுத்து ஆத்மநாதனிடம் நீட்டினாள்.

“நீங்க குடுத்ததுதான் சார். படிச்சிக் காட்டுங்க அவருக்கு.”

அவர் வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். இவர் என்ன செய்யப்போகிறார் என்று கொட்டகையே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“தவறிய அடி,” என்றார் ஏஜென்ட்டிடம். “மெஷின் அப்படித்தான் எழுதுது. என்னால மாத்த முடியாது. மாத்தறதுக்கு இடமில்ல.”

அப்புறம் அங்கே யாரும் வீட்டுக்குப் போகவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். இரண்டு பெண்களும் குடித்துவிட்டு மறுபடி கடலுக்கு விட்டார்கள். தேசம்மாளின் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. ஒரு காயைத் தொடாமல் விடுவதற்கு, தொட்டு விழவைப்பதைவிடக் கை சுத்தம் வேண்டும். களைத்துப்போய் ஒருமுறை தன்ஷிகாவின் ஸ்ட்ரைக்கர் ஒரு வெள்ளைக்கு நூலிழை தள்ளிப் போனது. தேசம்மாள் கண்ணாலேயே அதட்டினாள். ஐந்தே முக்காலுக்குத் திரையில் எண்கள் இரண்டும் மறைந்து வெறும் கோடாக நின்றன. நாற்பதாயிரம் பேரைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த துலாக்கோலுக்கு, ஜெயிக்க மறுக்கிற இரண்டு பேரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆறு மணிக்கு ஆத்மநாதன் எழுந்து நின்றார். தொடக்கம் உண்டு, விதி உண்டு, ஜெயித்தவர் இல்லை. ஆகவே இது சட்டப்படி போட்டி அல்ல, பந்தயம் செல்லாது, பவழக்குப்பம் கேரம் பட்டியலில் இருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறது என்று கருவியில் பதிவு செய்தார். குப்புராஜ் கண்டெய்னருக்குப் பின்பக்கமாக நழுவிப் போவதை, கொட்டகை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் பார்த்தான். கூப்பிட்டு, தன் பக்கத்தில் கிடந்த ஐஸ் பெட்டியைக் காட்டி உட்காரச் சொன்னான். அவர்கள் பேசினார்களா என்று தெரியாது. உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை நீல டப்பாவை லாரி வந்து தூக்கிப்போனது. போகிற லாரியிலேயே புதுப் பலகையையும் ஏற்றிவிட்டார்கள், மாலையோடு. பரணில் கிடந்த பழைய பலகையை இறக்கித் துடைத்தார்கள். தெற்கு மூலை வளைந்து, காய் தானாக அந்தப் பக்கம் சரியும் பலகை. தேசம்மாளும் தன்ஷிகாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வழக்கம் வழக்கம்தான், ஒவ்வொரு போர்டின் முதல் அடியையும் தேசம்மாள் கடலுக்கு விட்டாள். மற்ற எந்த அடியையும் விடவில்லை. தன்ஷிகாவும் விடவில்லை. அந்த மாதிரி ஓர் ஆட்டத்தைக் குப்பம் பார்த்ததில்லை. தோற்றால் என்ன ஆகுமோ என்ற பயமில்லாமல் ஆடுகிற இரண்டு பேரை அவர்கள் பார்த்தே ஏழு வருஷமாகியிருந்தது.

இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. தேசம்மாள் தோற்றாள்.

அவளுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆத்திரம் இத்தனை ருசியாக இருக்கும் என்று அவள் மறந்தே போயிருந்தாள்.

“ஒரு ஆட்டத்துல இன்னா ஆச்சி? காய அடுக்கு,” என்றாள்.

சம்பந்தம் அடுக்கினார். ஸ்ட்ரைக்கரைத் தன்ஷிகாவிடம் கொடுத்தார். சாம்பியன்தானே தொடங்க வேண்டும். அவள் அதை விரலில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

“நான் எதுனா சொல்லணுமா அத்த?”

“ஒண்ணும் சொல்ல வேணாம். வுடு.”

ஸ்ட்ரைக்கர் ஓரமாக ஓடியது. கொட்டகை அமைதியானது. எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்து, நின்றது. தேசம்மாள் அதை எடுத்துக்கொண்டு, மரத்த விரல்களைச் சேலையில் நன்றாகத் தேய்த்தாள். சிவப்பைப் பார்த்துக் குறி வைத்தாள். யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.